ஜேன் பொலின், ரோச்போர்ட் சீமாட்டி

ஜேன் பொலின் (பிறப்பு ஏறத்தாழ 1505 - இறப்பு பெப்ரவரி 13, 1542) இங்கிலாந்தின் டியூடர் அரசவையில் பணியாற்றிய உயர்குடிப் பெண் ஆவார். எட்டாம் ஹென்றி மன்னரின் ஆறு மனைவியருள் முதல் ஐவருக்கும் இவர் பணிவிடைச் சீமாட்டியாக இருந்தார். ஆன் பொலினின் உடன்பிறந்தாரான ஜார்ஜ் பொலினின் மனைவி. கணவரைக் காட்டிக்கொடுத்தவர் எனப் பல நூற்றாண்டுகளாக இகழப்பட்டாலும், அதற்கான சான்றுகள் மிகவும் வலுவற்றவை.

இளமையும் திருமணமும்

இவரது தந்தை பத்தாவது மார்லி பிரபு ஹென்றி பார்க்கர். இவர் பொக்காச்சியோவின் இலத்தீன் நூலொன்றை மொழிபெயர்த்து மன்னருக்குப் பரிசளித்த கல்விமான். ஜேன் இளம் வயதிலேயே அரசி கேத்தரினின் (அரகோன்) பணியில் சேர்ந்தார். 1522 மார்ச்சில் அரசவையில் நடந்த கூத்தொன்றில் எட்டு நற்குணங்களாக எட்டுப் பெண்கள் வேடமிட்டனர். அதில் ஜேன் ஏற்ற வேடம் 'உறுதி'. ஆன் பொலின் ஏற்றது 'விடாமுயற்சி'.

1524-25 அளவில் ஜார்ஜ் பொலினை மணந்தார். ஆன் மீது மன்னர் கொண்ட காதலால் பொலின் குடும்பம் விரைவாக உயர்ந்தது. கணவர் ரோச்போர்ட் வைகவுண்ட் பட்டம் பெற்றபோது ஜேன் ரோச்போர்ட் சீமாட்டி ஆனார். 1533இல் ஆன் அரசியானார். மறு ஆண்டு, மன்னரின் கவனத்தை ஈர்த்த வேறொரு பெண்ணை அகற்ற ஆனுடன் சேர்ந்து திட்டமிட்டதற்காக ஜேன் சில காலம் அரசவையிலிருந்து விலக்கப்பட்டார். பேரரசின் தூதர் ஷாப்புயி இதனைத் தம் கடிதத்தில் குறித்துள்ளார். நாத்தனாரிடம் இவருக்குப் பகை இருந்தது என்னும் கூற்றோடு இச்செய்தி பொருந்தவில்லை.

1536 வழக்கு

1536 மே 2 அன்று ஆனும் ஜார்ஜும் கைதுசெய்யப்பட்டனர். உடன்பிறந்தோரிடையே தகாத உறவு இருந்தது என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. மே 17 அன்று ஜார்ஜும் மே 19 அன்று ஆனும் தலை துண்டிக்கப்பட்டனர். தகாத உறவைப் பற்றிச் சாட்சி கூறியவர் ஜேன் என்பது பிற்கால எழுத்தாளர் பலரின் கருத்து. மன்னரின் ஆண்மைக்குறைவு பற்றி ஆன் ஜேனிடம் பேசியதாக வழக்கில் கூறப்பட்டது. இச்செய்தி ஜேனிடம் நடந்த விசாரணையில் வெளிவந்திருக்கலாம். ஆனால் தகாத உறவுக் குற்றச்சாட்டைச் சொன்னவர் ஜேன் என அக்காலத்து ஆவணம் எதுவும் பெயர் குறிக்கவில்லை. மாறாக, சிறையிலிருந்த கணவரின் நலம் விசாரித்து, அவருக்காக மன்னரிடம் மன்றாடுவதாக இவர் செய்தி அனுப்பியது கோபுரக் காவல் அதிகாரி கிங்ஸ்டனின் கடிதத்தில் உள்ளது.

கணவரின் உடைமைகள் அரசுடைமையானதால் ஜேன் வறுமைக்கு உள்ளானார். மாமனார் தாமஸ் பொலினிடமிருந்து கூடுதல் வாழ்வூதியம் பெற்றுத்தருமாறு தாமஸ் குரொம்வெல்லுக்கு இவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. முயற்சி வெற்றிபெற்று, ஊதியம் ஆண்டுக்கு 100 பவுண்டாக உயர்ந்தது. பின்னர் ஜேன் சீமோரின் பணியில் அரசவைக்குத் திரும்பினார். 1540இல் கிளீவ்சின் ஆன் அரசியின் திருமணம் நிறைவடையவில்லை என்பதற்குச் சாட்சியளித்த மூன்று சீமாட்டிகளுள் இவரும் ஒருவர்.

கேத்தரின் ஹவார்டும் மரண தண்டனையும்

1541இல் மன்னரும் அரசியும் வடநாட்டுக்குச் சுற்றுப்பயணம் மேற்கொண்டபோது, லிங்கன், பொன்டிபிராக்ட் முதலிய இடங்களில் இளம் அரசி கேத்தரின் ஹவார்ட், மன்னரின் பணியாளரான தாமஸ் கல்பெப்பரை இரவில் சந்தித்தார். சந்திப்புகளுக்கு உடனிருந்தவர் ஜேன். அரசவையின் ஆபத்தை எவரினும் நன்கறிந்த ஒருவர் இதில் ஏன் இறங்கினார் என்பது விளங்காத புதிர். விசாரணையில் அரசி பழியை ஜேன் மீது சுமத்தினார்; கல்பெப்பரும் இவர் தம்மைத் தூண்டியதாகக் கூறினார். ஜேனோ, தாம் பெரும்பாலும் எதையும் காணவில்லை எனவும், எனினும் அவ்விருவரும் உடலுறவு கொண்டிருப்பர் என நம்புவதாகவும் வாக்குமூலம் அளித்தார்.

லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்ட சில நாட்களில் இவருக்கு மனநிலை பிறழ்ந்தது. மன்னர் தம் மருத்துவர்களை அனுப்பியதோடு, கடற்படைத் தலைவர் ஜான் ரசலின் மனைவியிடம் இவரை ஒப்படைத்தார். இஃது இரக்கத்தால் அன்று. மனநலம் குன்றியோரைச் சட்டப்படி தண்டிக்க இயலாது என்பதால், இவர் குணமடைய வேண்டியிருந்தது. காத்திருக்க விரும்பாத மன்னர், தேசத்துரோகம் செய்தோர் பின்னர் மனநிலை இழந்தாலும் தண்டிக்கலாம் எனப் புதிய சட்டமே இயற்றினார். நீதிமன்ற விசாரணையின்றி, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே அரசியும் ஜேனும் குற்றவாளிகளாக்கப்பட்டனர்.

1542 பெப்ரவரி 13 காலை கோபுர வளாகத்தில் முதலில் அரசியும், அடுத்து ஜேனும் தலை துண்டிக்கப்பட்டனர். கணவர்மீது பொய்ச்சாட்சி கூறியதாக மேடையில் ஜேன் ஒப்புக்கொண்டார் என்னும் கதை பின்னாளில் எழுந்தது. நேரில் கண்ட வணிகர் ஒட்வெல் ஜான்சன் தம் உடன்பிறந்தாருக்கு எழுதிய கடிதத்தில் அவ்வாறு எதுவும் இல்லை. இருவரும் கிறித்தவப் பண்போடு இறந்தனர் என்றே அவர் எழுதியுள்ளார். உடல், வளாகத்திலுள்ள புனித பேதுரு சிற்றாலயத்தில், கணவரும் ஆனும் புதைக்கப்பட்ட அதே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

புதினங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் பெரும்பாலும் இவரைப் பொறாமை கொண்ட மனைவியாகவே காட்டுகின்றன. ஜூலியா பாக்ஸ் 2007இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இப்பிம்பத்தை மறுக்கிறது.