எண்களில் ஹவுகெட்டோ: ஒஸ்லோவின் திறந்த தரவுகள் மக்களை எவ்வளவு அறிகின்றன?

நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவின் தென்புறத்தில், யான்செல்வா ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி ஹவுகெட்டோ. மத்திய ரயில் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் கால் மணி நேரத்துக்குள் அங்கு சென்றுவிடலாம். தனி வீடுகளும் தொடர்மாடிகளும் கலந்துள்ள அப்பகுதியில் பல நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் வாழ்கின்றன.

ஒஸ்லோ மாநகர நிர்வாகம் தனது மக்களைப் பற்றிய புள்ளிவிபரங்களை எவரும் பார்க்கவும் பதிவிறக்கம் செய்யவும் கூடிய வகையில் இணையத்தில் வெளியிட்டு வருகிறது. வயது, கல்வி, வேலை, வருமானம், வீட்டின் வகை, பூர்வீக நாடு என்று அவற்றின் பட்டியல் நீள்கிறது.

இவ்வாறு திறந்து வைக்கப்படும் தரவுகளின் மூலம் ஒரு நகரம் தனது மக்களை எந்த அளவுக்கு அறிந்துகொள்கிறது? புலம்பெயர்ந்து வாழும் தமிழர்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

பட்டியலில் இல்லாத ஊர்

ஒஸ்லோவில் 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். 2004ஆம் ஆண்டின் நிர்வாகச் சீர்திருத்தத்தின் மூலம் நகரம் 15 நகர்ப்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஹவுகெட்டோ அவற்றுள் ஒன்றான சொண்ட்ரே நூர்ஸ்ட்ராண்டில் அடங்குகிறது.

ஒவ்வொரு நகர்ப்பகுதியும் புள்ளிவிபரத் தேவைக்காக உபபகுதிகளாகவும், அவை மேலும் சிறிய அடிப்படை வட்டங்களாகவும் வகுக்கப்பட்டுள்ளன. 'பீடெல்ஸ்ஃபாக்டா' என்ற மாநகர சபையின் இணையத்தளம் நகர்ப்பகுதி, உபபகுதி ஆகிய இரு மட்டங்களிலும் தகவல்களை வரைபடங்களுடன் தருகிறது.

சொண்ட்ரே நூர்ஸ்ட்ராண்டின் உபபகுதிகள் ஹோல்ம்லியா தெற்கு, ஹோல்ம்லியா வடக்கு, பிரின்ஸ்டால், பியோர்னெருட், மோர்ட்டென்ஸ்ருட், பியோர்ன்டால் என்பனவாகும். ஹவுகெட்டோ என்ற பெயரில் ஓர் உபபகுதி இல்லை. ரயில் நிலையத்துக்கும் பாடசாலைக்கும் உள்ள பெயர், மக்கள் தங்கள் ஊர் என்று சொல்லும் பெயர், அட்டவணையில் இடம்பெறவில்லை.

இதை ஒரு குறை என்று உடனே சொல்லிவிட முடியாது. எந்தக் கணக்கெடுப்புக்கும் எல்லைகள் தேவை. ஆயினும் ஒரு சராசரி எண் எந்த எல்லைக்குள் எடுக்கப்பட்டது என்பதை அறியாமல் அதைப் படிப்பது தவறான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும். மேட்டில் உள்ள தனி வீடுகளும் பள்ளத்தில் உள்ள தொடர்மாடிகளும் ஒரே உபபகுதிக்குள் வரும்போது, அதன் சராசரி இரு தரப்பாரில் எவருடைய வாழ்க்கையையும் காட்டாது போகலாம்.

வீடு வீடாகச் செல்லாத கணக்கெடுப்பு

இலங்கையில் குடிசன மதிப்பீடு என்றால் எண்ணுவோர் வீட்டுக்கு வருவார்கள். நோர்வேயில் அந்த வழக்கம் படிப்படியாக மறைந்துவிட்டது. 1964ஆம் ஆண்டு நாடு தழுவிய மக்கள் பதிவேடும், ஒவ்வொருவருக்கும் 11 இலக்கங்களைக் கொண்ட அடையாள எண்ணும் நடைமுறைக்கு வந்தன. 2011ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு முற்றிலும் பதிவேடுகளைக் கொண்டே செய்து முடிக்கப்பட்டது.

வீடு மாறுவோர் 8 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வரி, கல்வி, தொழில், வீடு ஆகியவை தொடர்பான பதிவேடுகளை அடையாள எண்ணின் மூலம் இணைத்து, நாட்டின் மத்திய புள்ளிவிபரப் பணியகம் எண்களைத் தயாரிக்கிறது. தனிநபரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் நீக்கப்பட்டு, தொகுக்கப்பட்ட எண்களே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன.

ஆகவே மாநகர சபை தன் மக்களிடம் எதையும் கேட்பதில்லை. அவர்கள் வேறு காரணங்களுக்காக ஏற்கனவே கொடுத்த பதில்களிலிருந்து அது தெரிந்துகொள்கிறது. இம்முறையின் பலமும் பலவீனமும் இதிலேயே அடங்கியுள்ளன.

எண்களும் நிதியும்

இந்தப் புள்ளிவிபரங்கள் வெறும் ஆய்வுப் பொருள்கள் அல்ல. ஒஸ்லோ மாநகர சபை நகர்ப்பகுதிகளுக்கு நிதி ஒதுக்கும்போது வயதுக் கட்டமைப்பு, வறுமை போன்ற அளவுகோல்களைப் பயன்படுத்துகிறது. எண் மாறினால் முதியோர் பராமரிப்புக்கும் சிறுவர் நலனுக்கும் கிடைக்கும் பணமும் மாறும்.

அரசும் மாநகர சபையும் இணைந்து 2007ஆம் ஆண்டு நகரின் வடகிழக்கே உள்ள க்ரூருட்டாலன் பள்ளத்தாக்கில் 10 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. வாழ்க்கைத்தரக் குறியீடுகள் பின்தங்கிய பகுதிகளில் கூடுதல் முதலீடு செய்வதே அதன் நோக்கம். பின்னர் 2026 வரையான அடுத்த கட்டத்தில் தெற்கு ஒஸ்லோவும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அதன் கீழ் ஹவுகெட்டோவும் பிரின்ஸ்டாலும் ஒன்றிணைக்கப்பட்டு, சுற்றுப்புற மேம்பாட்டுக்கான பகுதியாக வகுக்கப்பட்டன. புள்ளிவிபர அட்டவணையில் இல்லாத ஊர் திட்ட ஆவணத்தில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

கொரோனா பெருந்தொற்றின்போது இதன் பயன் மேலும் தெளிவானது. தொற்று எண்ணிக்கை நகர்ப்பகுதி வாரியாக வெளியிடப்பட்டதால், கிழக்கு மற்றும் தெற்கு ஒஸ்லோவின் நிலைமை மேற்குப் பகுதிகளை விட மோசமாக இருப்பதை எவரும் காண முடிந்தது. 2021ஆம் ஆண்டில் தொற்று கூடிய பகுதிகளுக்கு மேலதிக தடுப்பூசிகள் திருப்பிவிடப்பட்டன. சொண்ட்ரே நூர்ஸ்ட்ராண்டும் அவற்றுள் ஒன்று.

'இலங்கை' என்ற கட்டம்

இனி தமிழர்களின் நிலைக்கு வருவோம். நோர்வேயின் மக்கள் பதிவேடு ஒருவருடைய இனத்தையோ தாய்மொழியையோ பதிவு செய்வதில்லை. பிறந்த நாடும் பெற்றோர் பிறந்த நாடுமே பதிவாகின்றன.

இலங்கைப் பின்னணி கொண்ட 15,000க்கும் அதிகமானோர் நோர்வேயில் வாழ்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தமிழர்கள் என்பது யாவரும் அறிந்ததே. எனினும் புள்ளிவிபரத்தில் அவர்கள் 'இலங்கை' என்ற கட்டத்துக்குள் வருகின்றனர். தமிழ்நாட்டிலிருந்து கணினித் துறைப் பணிக்காக வந்தவர்கள் 'இந்தியா' என்ற கட்டத்துக்குச் செல்கின்றனர். ஒரே கடையில் கறிவேப்பிலை வாங்கும் இரு தமிழ்க் குடும்பங்கள் நகரத்தின் கணக்கில் இரு வேறு நாட்டவர்கள்.

இதன் விளைவு நடைமுறையில் தெரிகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் தமிழ் பேசும் ஊழியர் எத்தனை பேர் தேவைப்படுவர் என்று திட்டமிடும் அதிகாரிக்குத் திறந்த தரவுகள் நேரடியான பதில் தருவதில்லை. பூர்வீக நாட்டைக் கொண்டு மொழியை ஊகிக்க வேண்டியுள்ளது.

தலைமுறை மாறும்போது அந்த ஊகத்துக்கும் இடமில்லாமல் போகிறது. வெளிநாட்டில் பிறந்து குடியேறியோர் ஒரு பிரிவு. அவர்களுக்கு நோர்வேயில் பிறந்த பிள்ளைகள் மற்றொரு பிரிவு. அப்பிள்ளைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் இந்த இரு பிரிவுகளிலும் இல்லை. ஏனைய மக்கள்தொகையுடன் கலந்துவிடுகின்றனர்.

பேரப்பிள்ளைகளை நோர்வே நாட்டவர்களாக மட்டுமே கருதுவது சமத்துவத்தின் அடையாளம் என்று ஒரு தரப்பு கூறும். அவர்கள் இன்னமும் எதிர்கொள்ளக்கூடிய பாகுபாட்டை அளப்பதற்கு வழியில்லை என்று மறுதரப்பு கூறும். இரண்டிலும் நியாயம் உண்டு.

அளவுகோல்களின் வரம்பு

எண்ணின் பின்னால் உள்ள வரைவிலக்கணத்தையும் கவனிக்க வேண்டும். வீட்டில் உள்ள அறைகளை விட ஆட்கள் அதிகமாகவும், ஒருவருக்கு 25 சதுர மீற்றருக்குக் குறைவாகவும் இருந்தால் அது 'நெருக்கடியான வதிவிடம்' என்று கணிக்கப்படுகிறது. பிள்ளைக்குப் படிக்க இடமில்லாத வீட்டை இனங்காண இது உதவும். பாட்டனும் பாட்டியும் பேரப்பிள்ளைகளுடன் விரும்பி வாழும் வீடும் அதே கணக்கில் வரலாம். விருப்பத்தையும் நிர்ப்பந்தத்தையும் பதிவேடு பிரித்தறியாது.

கல்வியும் அப்படியே. வெளிநாட்டில் பெற்ற பட்டம் தானாகவே நோர்வேயின் பதிவேட்டுக்கு வந்துவிடாது. குடியேறியோரின் கல்வித் தகைமையை அறிவதற்கு மத்திய புள்ளிவிபரப் பணியகம் தனியாகக் கேள்விக்கொத்துகளை அனுப்ப நேர்ந்தது.

ஒஸ்லோவின் வாடகை மிதிவண்டி நிறுவனம் பயணத் தரவுகளைத் திறந்த முறையில் வெளியிடுகிறது. அதன் தரிப்பிடங்கள் பெரும்பாலும் உள்நகரில் உள்ளதால், தெற்கே வாழ்ந்து அதிகாலை ரயிலில் துப்புரவுப் பணிக்குச் செல்பவரின் நடமாட்டம் அதில் தெரியாது. சேகரிக்க எளிதான தரவு, எல்லோரையும் பற்றிய தரவு ஆகிவிடாது.

பட்டியல் பற்றிய அச்சம்

அப்படியானால் இனத்தையும் மொழியையும் பதிவு செய்துவிடலாமே என்று கேட்கலாம். அதற்கு வரலாறு தரும் பதில் எச்சரிக்கையானது.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த நோர்வேயில் 1942ஆம் ஆண்டு யூதர்கள் படிவங்கள் மூலம் பதிவு செய்யப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி 500க்கும் மேற்பட்ட யூதர்கள் ஒஸ்லோ துறைமுகத்திலிருந்து 'டொனாவ்' என்ற கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டனர். அவர்களில் மிகச் சிலரே உயிர் தப்பினர்.

தமிழர்களுக்கு இது அந்நியமான கதை அல்ல. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களிடம் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. அதே 1983ஆம் ஆண்டில்தான், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வதியும் வெளிநாட்டவர் அனைவருக்கும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை நோர்வே வழங்கியது. அங்கே பட்டியலில் பெயர் இருந்தது உயிருக்கு ஆபத்தானது; இங்கே அதுவே வாக்குரிமையானது.

எண்ணப்படாமல் இருப்பதன் துன்பத்தையும் தமிழர்கள் அறிவார்கள். இலங்கையில் 1981ஆம் ஆண்டுக்குப் பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012இலேயே நடந்தது. 2001ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு யுத்தம் காரணமாக வடக்கு, கிழக்கின் பெரும்பகுதியில் முழுமை பெறவில்லை. எத்தனை பேர் வாழ்ந்தனர் என்ற கணக்கே இல்லாதபோது, எத்தனை பேர் இல்லாமற் போயினர் என்ற கேள்விக்கு எளிதில் பதில் கிடைப்பதில்லை.

பாதுகாப்பும் முத்திரையும்

சிறிய எண்ணிக்கைகளை மறைப்பது திறந்த தரவுகளில் பொதுவான பாதுகாப்பு முறை. ஒரு வட்டத்தில் இரண்டு மூன்று குடும்பங்களே ஒரு நாட்டைச் சேர்ந்தவையாக இருந்தால், அவற்றின் வருமானத்தை வெளியிடுவது அயலவருக்குக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நோர்வேயில் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

தனிநபரைப் பாதுகாக்கும் இவ்வேற்பாடு ஓர் ஊரின் பெயரைப் பாதுகாப்பதில்லை. அயல்நாடான டென்மார்க் 2010 முதல் வேலை, குற்றம், பூர்வீகம் ஆகியவற்றின் அடிப்படையில் குடியிருப்புகளைப் பட்டியலிட்டு, 'கெட்டோ' என்ற சொல்லையே அரச ஆவணங்களில் பயன்படுத்தியது. 2018ஆம் ஆண்டின் சட்டங்கள் அப்பட்டியலில் நீண்டகாலம் இருந்த குடியிருப்புகளில் பொது வீடுகளைக் குறைக்குமாறு பணித்தன. 2021இல் சொல் கைவிடப்பட்டது, பட்டியல் தொடர்ந்தது.

ஒஸ்லோ அந்த வழியில் செல்லவில்லை. அதன் திட்டங்கள் வீடுகளை இடிப்பதை விட பாடசாலை, இளைஞர் நிலையம், பொது இடம் ஆகியவற்றில் முதலீடு செய்வதையே நாடின. இருப்பினும் ஒரே எண்ணை உதவிக்கான காரணமாகவும் ஒதுக்குவதற்கான காரணமாகவும் பயன்படுத்த முடியும் என்பதை டென்மார்க்கின் அனுபவம் காட்டுகிறது. வீடு வாங்க விரும்புவோரும் அதே அட்டவணையைத்தான் பார்க்கின்றனர்.

மக்கள் கையில் உள்ள வாய்ப்பு

தரவுகள் திறந்திருப்பதன் பொருள், நிர்வாகம் எதைப் பார்க்கிறதோ அதையே குடிமக்களும் பார்க்கலாம் என்பதாகும். ஆனால் இதுவரை அவற்றைப் படிப்போர் பெரும்பாலும் அதிகாரிகள், ஆய்வாளர்கள், செய்தியாளர்கள் ஆகியோரே. எண்ணப்படுவோர் படிப்பது குறைவு.

சொண்ட்ரே நூர்ஸ்ட்ராண்டுக்குத் தேர்தல் மூலம் தெரிவான நகர்ப்பகுதிச் சபை உண்டு. அதன் கூட்டங்களில் பொதுமக்கள் பேசுவதற்கென நேரம் ஒதுக்கப்படுகிறது. தமது உபபகுதியின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை எடுத்துரைக்க அங்கு இடமுண்டு. தமிழ் பேசும் முதியோரின் எண்ணிக்கையைத் தமிழ் அமைப்புகள் உரியவர்களின் சம்மதத்துடன் தாமாகவே திரட்டி, பெயர்களைத் தவிர்த்து முன்வைக்கலாம்.

பதிவேடு கேட்காத கேள்விக்கு மக்களே பதில் சொல்ல வேண்டியுள்ளது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவு அவர்களிடமே இருக்கும் வரை, அந்தக் கணக்கு 1983இன் இடாப்பைப் போல அவர்களுக்கு எதிராகத் திரும்பும் ஆபத்தும் குறைவாகவே இருக்கும்.