சொந்தப் படத்துக்கே 120 டொலர்



பாடசாலை மலருக்குக் கூகிளில் படம் தேடும் நாம் இந்த வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கரோல் ஹைஸ்மித் 1988 முதல் தன் படங்களைக் காங்கிரஸ் நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்து வந்தார். யாரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்பதுதான் நிய்யத். 2015 டிசம்பரில் அவருடைய அமைப்புக்கு ஒரு கடிதம் வந்தது: உங்கள் இணையத்தளத்தில் அனுமதியில்லாத படம் இருக்கிறது, 120 டொலர் கட்டுங்கள். பார்த்தால் அவரே எடுத்த படம்! அலமி என்ற பட விற்பனை நிறுவனத்தின் சார்பில் வந்த கடிதம் அது. கெட்டி இமேஜஸ் நிறுவனமும் அவருடைய படங்களை ஆயிரக்கணக்கில் விலைக்கு வைத்திருந்தது.

2016 ஜூலையில் நியூயோர்க்கில் 100 கோடி டொலர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். ஒக்டோபரில் பதிப்புரிமைக் கோரிக்கைகள் தள்ளுபடியாகின. மிச்சம் சமரசத்தில் முடிந்தது.

பொதுவுடைமையான படத்தை விற்கச் சட்டத்தில் தடையில்லை என்பது கெட்டியின் வாதம். இப்படியான நிறுவனங்களிடம் காசு கொடுத்து வாங்குபவருக்கு, உரிமைப் பிரச்சினை வந்தால் பொறுப்பேற்போம் என்ற உத்தரவாதமும் கிடைக்கும். சும்மா கொடுத்தவருக்குத்தான் ஒன்றுமில்லை. வக்பு சொத்தென்றால் விற்க முடியாது, பார்த்துக்கொள்ள நம்பிக்கையாளர் சபை இருக்கும். பொதுவுடைமைக்கு அப்படி யாருமில்லை.

அந்தப் படங்கள் இன்றும் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசம்தான். மலர்க் குழுவினர் முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.