கெடாத் தோட்டத்துக் கள்ளும் ஷாம்பேனும்: உடைமை நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பிரான்சின் ஷாம்பேன் வட்டாரத்தில் 1829இல் தொடங்கிய பொலாஞ்சே மது இல்லம் இன்றும் அந்தக் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. புட்டியின்மேல் இருப்பதும் அவர்கள் பெயரே. மலாயாவின் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் தமிழர் குடித்தது தென்னங்கள். அதை இறக்கியவரின் பெயரில் அது ஒருநாளும் விலைபோனதில்லை. இந்த வேறுபாடு தொழில் திறமையால் வந்ததன்று, உடைமையால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. பாளையும் புளிப்பும்

கள் இறக்க, தென்னையின் விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். அழுத்திச் சீவினால் பாளை வீணாகும். விட்டுவிட்டால் வாய் காய்ந்து ஊறல் நிற்கும். காலையும் மாலையும் மரமேறுவது இதற்காகத்தான். எந்தப் பாளை எத்தனை நாளில் சுரக்கும் என்பதை விரல்தான் அறியும். இந்த அறிவு எந்தத் திராட்சைத் தோட்டக்காரரின் அறிவுக்கும் குறைந்ததன்று.

கலயத்தில் விழும் சாறு இனிப்பானது. உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் இனிப்பு நிலைக்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. கள்ளின் நுரையும் ஷாம்பேனின் நுரையும் ஒரே வாயுதான். ஷாம்பேனில் இரண்டாம் நொதித்தலைப் புட்டிக்குள்ளேயே நடத்தி வாயுவை அடைக்கிறார்கள். ஆண்டு குறிக்காத ஷாம்பேனும் குறைந்தது 15 மாதம் காத்திருந்தே வெளிவரும். கள்ளோ மறுநாளே புளித்துக் காடியாகத் தொடங்கும்.

தங்காத பொருளைக் குடும்பச் சொத்தாக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்பதற்குத் தென் தமிழ்நாட்டுப் பனையேறிக் குடும்பங்களே சான்று. மரம் சொந்தமாகவோ பாட்டத்துக்கோ இருந்த இடங்களில் ஆண்கள் பதநீர் இறக்க, பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு ஊர்ப்பெயரே முத்திரையாயிற்று.

3. தோட்டத்துக் கடை

மலாயாத் தோட்டத்தில் தொழிலாளிக்கு மரமுமில்லை, கடையுமில்லை. குடியிருந்த லயம் நிர்வாகத்துடையது, கள்ளுக்கடை அரசாங்க உரிமத்தோடு நிர்வாகத்தின் ஏற்பாட்டில் நடந்தது. பால்மரம் வெட்டிப் பெற்ற கூலியின் ஒரு பங்கு, சம்பளம் கொடுத்த தோட்டத்துக்குள்ளேயே திரும்பிப் போனது. கடை லாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்குச் செலவிடும் வழக்கமும் இருந்தது. அது நலன் என்ற பெயருக்குத் தகுதியானதாக எனக்குத் தோன்றவில்லை. குடும்பத்தின் சோற்றுக் காசை வாங்கிக்கொண்டு, அதில் சிறிதைக் கொடையாகத் திருப்பித் தந்தார்கள்.

4. தொண்டர் படை

எதிர்ப்பும் தோட்டத்துக்குள்ளிருந்தே எழுந்தது. ஜப்பானியர் ஆட்சி முடிந்தபின், கெடாவின் பீடோங் அருகிலுள்ள ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவானது. அந்த ஆட்சிக் காலத்து இந்திய தேசிய இராணுவத்தின் கட்டுப்பாடும் அணிவகுப்பும் அதில் தொடர்ந்தன. குடிப்பவரைத் தடுத்தார்கள், கடைவாசலில் மறியல் செய்தார்கள், கடைகளை மூடக் கேட்டார்கள். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியல் போலீசாருடன் மோதலாயிற்று. மார்ச் 3ஆம் தேதி கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி மாண்டார்.

இவர்களை மதுவிலக்குக்காரர்கள் என்று மட்டும் சொல்வது போதாது. கூலி எங்கே போகிறது என்ற கணக்கை அவர்கள் கேட்டார்கள்.

5. 1911இன் ஷாம்பேன்

ஷாம்பேன் வட்டாரத்திலும் கலகம் நடந்தது. வெளியூர்த் திராட்சையை வாங்கி ஷாம்பேன் என்று விற்ற வணிகர்களின் கிடங்குகளை 1911இல் விவசாயிகள் சூறையாடினார்கள். அரசு படையை அனுப்பியது. ஆனால் அந்த விவசாயிகளுக்குத் திராட்சைக் கொடி சொந்தம், ஊர்ப்பெயரும் சொந்தம். ஆகவே அந்த மதுவைக் காப்பாற்றுவதற்காகப் போராடினார்கள். காக்க வேண்டிய உடைமை எதுவும் கள்ளில் இல்லாத கெடாத் தொழிலாளி கடையை மூடச் சொன்னான்.