வந்த வழியே ஒரு பயணம்

நவராத்திரி நெருங்கும்போது நம் கோட்டைப் பகுதி ஒரு வரவேற்புக்கு ஆயத்தமாகின்றது. பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் தென்திசைப் பெருவழியே ஊர்வலமாக எழுந்தருள்கின்றனர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, கரமனை வழியாக நகருக்குள் வருகின்றனர். கலைமகள் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்திலும், முருகன் ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் விருந்தினராய் வீற்றிருந்து, விழா முடிந்ததும் வந்த வழியே திரும்புகின்றனர். நாமும் குழந்தைகளைத் தோளில் ஏற்றித் தெருவோரம் நின்று தரிசிக்கிறோம். அத்துடன் வீடு திரும்புகிறோம்.

ஆண்டுதோறும் நம்மைத் தேடி வரும் விருந்தினர் ஊருக்கு நாம் ஒரு முறையேனும் முறையாகச் சென்றதுண்டா? "கன்னியாகுமரிக்குப் பன்முறை சென்றிருக்கிறோமே!" என்று அன்பர் பலர் கூறுவர். உண்மையே. விடியுமுன் வண்டியேறிக் கதிரவன் உதயம் கண்டு, சங்கும் சோழியும் வாங்கி, இரவுக்குள் வீடு சேர்ந்திருப்போம். ஆனால் இடைவழியில் உள்ள ஊர்கள் வண்டியின் சன்னல் வழியே ஓடி மறைந்திருக்கும். நம் நகரத்தின் வரலாறோ அவ்விடைவழியில்தான் இருக்கின்றது. ஆகவே, சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களில் இவ்வழியைப் பொருளறிந்து பார்த்துவரும் முறையை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பயணத்தைப் பழவங்காடியிலேயே தொடங்குதல் வேண்டும். நாம் நாள்தோறும் தேங்காய் உடைத்து வணங்கும் பிள்ளையாரும் இவ்வழியே வந்தவர்தாம். பத்மநாபபுரத்தில் காவல் புரிந்த திருவிதாங்கூர்ப் படைவீரர் வழிபட்ட மூர்த்தியை, படை தலைநகருக்குப் பெயர்ந்தபோது உடன்கொண்டு வந்து இங்கு நிறுவினர் என்பது வழிவழி வந்த செய்தி. அப்படை இந்திய இராணுவத்தில் இணைந்தபின், மதராஸ் ரெஜிமெண்டு இக்கோயிலைப் பேணி வருகின்றது.

வேணாட்டு மன்னர்களின் அரண்மனை முன்னாளில் திருவிதாங்கோட்டிலும், பின்னர்க் கல்குளம் எனப்பட்ட பத்மநாபபுரத்திலும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தருமராசா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் தலைநகரைத் திருவனந்தபுரத்திற்கு மாற்றினார். தலைநகர் பெயர்ந்தால் மன்னர் மட்டுமா பெயர்வார்? படைவீரரும் கணக்கரும் வணிகரும் பெயர்வர். அவர்தம் தெய்வங்களும் உடன் பெயரும். நாம் காய்கறி வாங்கும் சாலைக் கடைத்தெருவை அமைத்த திவான் இராஜா கேசவதாசரும் விளவங்கோட்டு வட்டத்துக் குன்னத்தூரில் பிறந்தவரே. சாலையிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தமிழ் ஒலிப்பதற்குரிய காரணங்களுள் இப்பெருவழியும் ஒன்று எனலாம்.

குறுகிய பயணத்திற்கு இடங்களைத் தேர்வது எப்படி? எட்டிப்பார்த்த இடங்களின் எண்ணிக்கை பயணத்தின் அளவுகோல் அன்று. பல ஊர் பார்த்தவர் நினைவில் ஓரூரும் நிலைப்பதில்லை. ஒரு நூலில் மணி கோப்பதுபோல, ஒரு வழியைப் பற்றிக்கொண்டு, அவ்வழியில் சில இடங்களை மட்டும் நின்று பார்த்தலே நன்று.

ஜப்பானியர் இதனை நன்கு உணர்ந்துள்ளனர். இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரையும் கியோட்டோவையும் மலைநாட்டு வழியாக இணைத்த நகாசெண்டோ என்னும் பழம்பெரும் பாதையில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. இருப்புப்பாதை வந்தபின் அவற்றுட் பல பொலிவிழந்தன. கீசோப் பள்ளத்தாக்கிலுள்ள சுமாகோ என்னும் சிற்றூரார், 1968 முதல் தம் பழைய மரவீடுகளைச் செப்பனிடத் தொடங்கினர். வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று ஊர்க்கட்டுப்பாடும் செய்துகொண்டனர். இன்று பல நாட்டினர் மகோமே என்னும் ஊரிலிருந்து சுமாகோ வரை ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவை நடந்தே கடந்து மகிழ்கின்றனர். முழுவழியும் செல்ல நாளில்லாதவர்க்கு அச்சிறு பகுதியே அவ்வழியின் இயல்பை உணர்த்திவிடுகின்றது. நம் பெருவழியும் அத்தகைய சிறப்புடையதே. அதனை அறிந்து செல்வார் தொகைதான் குறைவு.

சனிக்கிழமை காலையிற் புறப்பட்டால் முதலில் நிற்க வேண்டிய ஊர் நெய்யாற்றின்கரை. அங்குள்ள கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்னும் பழைய பலாமரத்தின் எஞ்சிய அடிப்பகுதியைக் காணலாம். பகைவர் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மர் அம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பர். குழந்தைகளுக்கு வரலாற்றில் விருப்பம் உண்டாக்க இக்கதையினும் ஏற்றது வேறு வேண்டா.

பாறசாலையை அடுத்துக் களியக்காவிளையில் மாநில எல்லை குறுக்கிடும். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசும் அதன் தலைவர் நேசமணியும் நடத்திய போராட்டத்தின் பயன் அது. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிரீந்தோரை அவ்விடத்தில் ஒரு கணம் நினைத்தல் நம் கடன். எல்லை வகுத்தபின்னும் வழி அறுபடவில்லை. நவராத்திரித் தெய்வங்களை ஒரு மாநிலத்தார் எல்லைவரை வழியனுப்ப, மற்றொரு மாநிலத்தார் எதிர்கொண்டு வரவேற்கின்றனர்.

களியக்காவிளைக்கு அப்பால், பெருவழியை விட்டுச் சற்று விலகி, முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரம் என்னும் சிற்றூருக்குச் செல்க. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் இங்குத் திருமாலுக்குக் கோயில் எடுத்து, அதனுடன் 95 மாணாக்கர்க்கு இடமளிக்கும் கல்விச் சாலை ஒன்றையும் நிறுவினான். அதன் விதிகளைச் செப்பேடுகள் கூறுகின்றன. இச்சாலைக்கு முன்மாதிரியாய் விளங்கியது காந்தளூர்ச் சாலை. சோழர் மெய்க்கீர்த்திகளில் இடம்பெறும் அக்காந்தளூர், நம் வலியசாலையே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. தென்னையும் வாழையும் சூழ்ந்த ஒரு சிற்றூரின் வரலாறு நம் வீட்டுத் தெருவில் வந்து முடிவது வியப்பன்றோ?

பின்னர்த் திருவிதாங்கோட்டைக் கண்டு, நண்பகலுக்குப்பின் பத்மநாபபுரம் சேர்க. திங்கட்கிழமைகளில் அரண்மனை அடைத்திருக்கும்; நண்பகலிலும் சிறிது நேரம் அடைப்பர். 1750-இல் தம் அரசைப் பத்மநாபசுவாமிக்கே அர்ப்பணித்து, இறைவனின் அடியவராய் ஆட்சி நடத்திய மார்த்தாண்டவர்மரின் இருப்பிடம் இது. கண்ணாடிபோல் மின்னும் கருந்தளத்தையும், நுண்ணிய மரவேலைப்பாட்டையும், பழமைமிக்க தாய்க் கொட்டாரத்தையும் நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமேனும் வேண்டும். நிலம் தமிழ்நாட்டினது, அரண்மனையைப் பேணுவதோ கேரளத் தொல்லியல் துறை. இங்குள்ள சரசுவதி கம்பர் வழிபட்ட மூர்த்தி என்பது மரபு. கம்பரின் கலைமகளையே நாம் ஆண்டுதோறும் விருந்தாக எதிர்கொள்கிறோம் என்று குழந்தைகளுக்கு எடுத்துக் கூறுக. அன்றிரவு நாகர்கோவிலில் தங்கலாம்.

ஞாயிறு காலை சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களையும் பதினெட்டடி அனுமனையும் எல்லாரும் காண்பர். இக்கோயிலின் வரலாற்றை டாக்டர் கே. கே. பிள்ளை ஆராய்ந்து எழுதிய நூல் 1953-இல் வெளிவந்தது. இயலுமாயின் அதனைப் புரட்டிப் பார்த்துச் செல்க. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைகூட மக்களிற் பலர்க்கு அந்நாளில் இல்லை. அதனைப் பெறுவதற்காக 1926-இல் இங்குச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தபின்னரே கோயிற்கதவு யாவர்க்கும் திறந்தது. மன்னர் பெருமை பேசும் நாம் இதனை மறைத்தல் தகாது.

அருகிலுள்ள தேரூர், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-இல் பிறந்த ஊர். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கிடையே பிறந்த அக்கவிஞர் நம் திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதியவரும் அவரே. முதல்நாள் பார்த்திவபுரத்தில் எழுந்த கேள்விக்கு இரண்டாம் நாள் ஓர் உழவர் ஊரில் விடை கிடைக்கின்றது.

அங்கிருந்து சிறு தொலைவிலுள்ளது சாமித்தோப்பு. இவ்வழியின் மற்றொரு பக்கத்தை இங்குக் காணலாம். ஒடுக்கப்பட்ட மக்கள் தலைநிமிர்ந்து வாழ வேண்டும் என்று முழங்கிய வைகுண்ட சுவாமியை (1809–1851) அரசினர் கைதுசெய்து, இவ்வழியே நம் நகருக்குக் கொணர்ந்து சிங்காரத்தோப்பில் சிறைவைத்தனர். விடுதலையாகித் திரும்பிய அவர், தம்மை நாடி வந்தோரைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் செய்தார். எல்லாரும் ஒருங்கே பயன்படுத்தப் பொதுக்கிணறு கண்டார். அவர் பதியின் கருவறையில் உருவச்சிலை இல்லை, கண்ணாடியே உண்டு. காண்பவர் தம்மையே காண்கின்றார்.

திரும்பும் வழியில் வேளிமலை முருகனைத் தொழுது, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் மாலைப்பொழுதைக் கழிக்கலாம். 1741-இல் குளச்சற் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பின் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவராகி, 1777-இல் மறையும்வரை இந்நாட்டுக்கு உழைத்தார். கோட்டைக்குள் உள்ள அவர் கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. பிறநாட்டிலிருந்து வந்து, வந்த நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர். பிழைப்புக்காக ஊர் பெயர்ந்து வந்த நமக்கு அக்கல்லறையின் முன் சற்று நிற்பது பொருத்தமே.

இம்முறையில் கன்னியாகுமரியைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் மற்றவை சிதையும். திருவட்டாறு, சிதறால் சமணமலை, தக்கலையில் ஞானப் பாடல் பாடிய பீர்முகம்மது அப்பாவின் தர்கா ஆகியன வேறொரு பயணத்திற்கு எஞ்சி நிற்கட்டும். 1979 முதல் இரயில் ஓடுகின்றதாயினும், இப்பயணத்திற்குச் சாலைவழியே ஏற்றது. சாலையோரத்தில் எஞ்சியுள்ள கல்மண்டபங்களையும் சுமைதாங்கிக் கற்களையும் குழந்தைகள் எண்ணிக்கொண்டு வரட்டும். சாலை அகலப்படும்தோறும் அவை குறைந்து வருகின்றன.

"நம் ஊர் எது?" என்று நம் பிள்ளைகள் வினவும்போது, பெற்றோர் பலர் ஒரு கணம் தயங்குகின்றனர். திருநெல்வேலி, தஞ்சை, மதுரை என ஏதோவோர் ஊரைச் சொல்கின்றனர். பிள்ளைகளோ அவ்வூரைக் கண்டதில்லை. பிறந்து வளர்ந்த இந்நகரில் தாங்கள் வேற்றார் என்னும் எண்ணம் அப்பிள்ளைகளுக்கு நேரலாகாது. பிள்ளையாரும் கலைமகளும், திவானும் புலவரும், சிறைப்பட்ட மகானும் வந்த வழியை ஒரு முறை நடத்திக் காட்டினால், தெய்வங்களே பெயர்ந்து வந்து வாழும் நகரில் தாமும் உரிமையுடன் வாழ்கிறோம் என்பதை அவர்களே உணர்வர்.

அடுத்த நவராத்திரி வருமுன் நம் குடும்பங்கள் இரண்டு மூன்றேனும் கூடி இப்பயணத்தை மேற்கொள்க. பின்னர்க் கரமனையில் நின்று ஊர்வலத்தை வரவேற்கும்போது, "உங்கள் ஊருக்கு வந்திருந்தோம்" என்று நம் பிள்ளைகள் மனத்துக்குள் கூறிக்கொள்வர். அதுவே விருந்தினர்க்கு நாம் செய்யும் மறுமரியாதை.