தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி



போன வாரம் என் பேரனைத் தெருநாய் கடித்துவிட்டது. "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களே, சாமி!" என்று வீட்டில் பெரியவர்கள் பதறினார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

தென்னாட்டில் நாய்க்கடி சிகிச்சைக்காக, நமக்கு மேலே குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஒரு தடுப்பூசி முறையைக் கண்டுபிடித்தார். வெறிநோய்க் கிருமியைச் செம்மறியாட்டு மூளையில் வளர்த்து, பீனால் கலந்து கொன்று தயாரிப்பார்கள். குன்னூரிலும் பல்லாண்டுகள் இதுதான். எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து.

ஆனால் மிகச் சிலருக்கு ஊசிக்குப் பின் கை, கால் விழுந்துவிடும். காரணம் கிருமி அல்ல, கூடவே உள்ளே போன ஆட்டு மூளை. மின்கம்பி மேல் ரப்பர் இருப்பது போல நரம்பின் மேல் மயலின் என்ற உறை உண்டு. ஆட்டின் மயலினும் நம் மயலினும் ஏறக்குறைய ஒன்றே. நம் வெள்ளணுக்களின் மேலுள்ள ஏற்பிகள், பூட்டுக்குச் சாவி போல ஆட்டு மயலினோடு பொருந்திவிட்டால், அந்த அணுக்கள் நம் மூளையையே எதிரியாக நினைத்துத் தாக்கும்.

1933-இல் நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் குழுவினர், கிருமியே இல்லாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தி இதே பாதிப்பைக் கண்டார்கள். மூளைக்குள்ளேயே மைக்ரோக்லியா என்ற காவல் செல்கள் உள்ளன. அவற்றிலும் 'டோல்' வகை ஏற்பிகள் இருப்பதும், தாக்குதல் தொடங்கினால் அவையும் சேர்ந்துகொள்வதும் பின்னாளில் தெரிந்தது.

நம் நாட்டில் அந்த ஆட்டு மூளை ஊசி 2004 இறுதியோடு நின்றுவிட்டது. இப்போது செல்களில் வளர்த்துச் சுத்திகரித்த மருந்துதான். அரசு மருத்துவமனையில் இலவசம். கையில் தோலுக்குள் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போடுகிறார்கள். அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1988-இல் என் வகுப்புப் பையன் ஒருவன், நாய் கடித்ததை ஊசிக்குப் பயந்து மறைத்தான். இரண்டு மாதத்தில் தண்ணீரைக் கண்டு அலறினான். பிழைக்கவில்லை. "நாய்கிட்டப் போனா பதினாலு ஊசி!" என்று வகுப்பில் மிரட்டிய வாத்தியார் நான்தான்.

கடிபட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். பிள்ளைகளை ஊசியைச் சொல்லி மிரட்டாதீங்க, கண்ணுகளா.