ராத்திரி ஆச்சு, கேமராவை மூடுங்க!

2020 ஊரடங்குல நாங்க எட்டுப் பேர் வீடியோ கால்ல விளையாடினது மாஃபியா. 1986-இல் இதை உருவாக்கியவர் திமித்ரி தாவிதோவ், அப்போது மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் மாணவர். போர்டு வேணாம், தாயக்கட்டை வேணாம். மாஃபியா யாருன்னு மாஃபியாவுக்கு மட்டும்தான் தெரியும்; ஊர்க்காரங்க பேசிப் பேசியே கண்டுபிடிக்கணும். 2018-இல் வந்த அமாங் அஸ் இதோட பேரப்பிள்ளைதான்!

‘ராத்திரி’ன்னு சொன்னா அவங்க கண்ணை மூடினாங்க, நாங்க கேமராவை மூடினோம். யாரைக் கொல்லணும்னு நடத்துறவருக்கு மட்டும் சாட்ல ரகசியமா அனுப்பணும்.

ஒருநாள் ‘பொழுது விடிஞ்சும்’ ஒருத்தன் கேமராவைத் திறக்கலை. “நீதான்டா மாஃபியா!”ன்னு கத்தினோம். அழுதுட்டு இருந்திருக்கான். அன்னிக்குத்தான் அவனுக்கு வேலை போயிருக்கு. ஆட்டத்தை அப்படியே விட்டுட்டு, நிஜமாவே விடியுற வரைக்கும் பேசிட்டிருந்தோம்.