எந்த மொழி, யார் வாய்?

திருவக்கரையில் பவுர்ணமிக் கூட்டத்தோடு கூட்டமாகச் சிலமுறை நின்றிருக்கிறேன். வக்கிரகாளியின் முன்னால் நிற்கிற பெண்கள் காளியிடம் பேசத் தரகர் யாரையும் தேடுவதில்லை. "ஆத்தா, எம் புள்ளைக்கு ஒரு வழி பண்ணு" என்று நேராகவே கேட்டுவிடுகிறார்கள். அதே வளாகத்துக்குள் சந்திரமௌலீசுவரர், மூன்று முகங்கொண்ட லிங்கமாக இருக்கிறார். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். சிவன் கோயில்களின் பொது ஒழுங்கு நமக்குத் தெரிந்ததுதான்: அர்ச்சனை வடமொழியில் நடக்கும். ஓதுவார் தேவாரம் பாடுவார், கருவறைக்கு வெளியே நின்று. ஆக, தமிழ் கோயிலுக்குள் இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கென்று ஓர் இடம் குறித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் எது, அதைக் குறித்தவர் யார் என்பதுதான் பிரச்சினை.

இதைப் பேசுவதற்கு நான் கோயிலை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போகிறேன். நாம் இன்று கோரிக்கையாக வைக்கிற ஒன்றை, நானூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே சட்டமாக எழுதிவைத்த ஒரு சபை உண்டு. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபை. மக்களுக்கு விளங்காத மொழியில் பொது வழிபாடு நடத்துவது வேதத்துக்கு விரோதம் என்பது, 1571இல் முடிவான அதன் 39 விதிகளில் 24ஆவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அது நடைமுறையில் என்னவாயிற்று என்று பார்ப்போம்.

1549இல் முதல் ஆங்கில ஜெபப் புத்தகம் கட்டாயமாக்கப்பட்டபோது கார்ன்வால் மக்கள் கலகம் செய்தார்கள். எங்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது என்பது அவர்கள் எழுப்பிய முறையீடுகளில் ஒன்று. ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். "மக்கள் மொழி" என்ற சொல்லில் மக்கள் யார் என்பதை அரசே தீர்மானித்தது. அயர்லாந்தில் இது இன்னும் அப்பட்டம். ஆங்கில வழிபாட்டை அங்கே திணித்த 1560ஆம் ஆண்டுச் சட்டம், ஆங்கிலம் தெரியாத குருமார் லத்தீனில் நடத்திக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தது. ஐரிஷில் நடத்தலாம் என்று சொல்லவில்லை. எந்த லத்தீனை எதிர்த்து அந்தச் சபை பிறந்ததோ, அந்த லத்தீனே ஐரிஷைவிடப் பரவாயில்லை என்றாகிவிட்டது. ஆளப்படுகிறவனின் மொழிமீது ஆள்பவனுக்கு இருந்த பயம் அவனுடைய இறையியலையே தோற்கடித்த இடம் இது.

புத்தகங்கள் வராமல் இல்லை. உல்லியம் ஓ டோனல் என்ற ஆங்கிலிக்கன் குரு, 1602ஆம் ஆண்டிட்ட புதிய ஏற்பாட்டையும் 1608இல் ஜெபப் புத்தகத்தையும் ஐரிஷில் கொண்டுவந்தார். கில்மோர் பேராயர் வில்லியம் பெடல் ஆங்கிலேயர். வந்தபின் ஐரிஷ் கற்றார், உள்ளூர் அறிஞர்களை வைத்துப் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கச் செய்தார். அவருக்கு உதவிய மர்டாக் கிங்கைச் சபைக்காரர்களே பதவியிலிருந்து இறக்கினார்கள். 1642இல் பெடல் இறந்தார். அந்த மொழிபெயர்ப்பு 1685இல்தான் அச்சேறியது. புத்தகம் இருந்தது, அதை வாசிக்கத் தெரிந்த குருமார் சொற்பம். அதைவிட முக்கியம், அந்தச் சபை நிலத்தைப் பறித்துக்கொண்டு குடியேறியவர்களின் சபை. அதில் சேராத கத்தோலிக்க விவசாயியும் அதற்குப் பத்திலொரு பங்கு கட்டவேண்டும். வரி வசூலிக்கிறவன் நம்ம பாஷையில் ஜெபம் பண்ணினால் மட்டும் போதுமா? ஐரிஷ்காரன் போகவில்லை.

அதே சபை வேல்ஸில் வேறு மாதிரி வேரூன்றியது. 1563இல் சட்டம், 1567இல் வேல்ஷ் ஜெபப் புத்தகம், 1588இல் வில்லியம் மார்கனின் முழு வேதாகமம். மார்கன் வேல்ஷ்காரர். அங்கே பலிபீடத்தில் நின்ற வாயும் கேட்ட காதும் ஒரே ஊரைச் சேர்ந்தவை. ஆக, கேள்வி இரண்டு. எந்த மொழி என்பது ஒன்று. யார் வாய் என்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் கேட்பவர்கள் பாதிக் கேள்விதான் கேட்கிறார்கள்.

இங்கிருந்து தமிழகத்துக்கு வர ஒரு ஆள் தயாராக இருக்கிறார். ராபர்ட் கால்டுவெல், 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர். ஐரிஷ் பேசிய குடும்பம் அல்ல, ஸ்காட்லாந்து வழியினர். 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, இடையன்குடியில் அரை நூற்றாண்டு இருந்தவர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், 1877இல் அத்தியட்சர் பட்டம். அயர்லாந்தில் தன் சபைக்கு வாய்க்காத ஒன்றை இங்கே அவர் செய்தார்: மக்களின் மொழியைக் கற்றார், அதில் வழிபாடு நடத்தினார், அதற்கு உலக அரங்கில் ஒரு வம்சாவளியும் எழுதினார்.

அவருக்கு முன்பே பாதை போட்டாயிற்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதல் லூத்தரன்கள் தமிழில்தான் நடத்தினார்கள். அச்சபைகள் பல 1820களில் ஆங்கிலிக்கன் கைக்கு மாறின. வேப்பேரியில் இருந்த ராட்லர் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தைத் தமிழாக்கினார். அந்தப் புத்தகத்தில் ராஜாவுக்காகச் செய்கிற ஜெபமும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. பனையேறிகளும் பண்ணையாட்களும் தங்களை ஆண்டவர்களின் நீடித்த ஆட்சிக்காகத் தங்கள் தாய்மொழியிலேயே மன்றாடினார்கள். அதிகாரத்துக்குத் தமிழ் ஒன்றும் ஆகாத மொழி இல்லை. அதுவும் தமிழ் கற்றுக்கொள்ளும்.

சாதியும் அப்படித்தான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவக் கவிதையின் பெரிய ஆகிருதி. 1820களில் புதிய மிஷனரிகளோடு சண்டை போட்டார். எதற்காக? பழகிய வேதாகமத் தமிழை ரேனியஸ் மாற்றுகிறார். தமிழ்ப் பாட்டைக் கோயிலில் தடுக்கிறார்கள். பூவை விலக்குகிறார்கள். சாதி பாராமல் கலந்து உட்காரச் சொல்கிறார்கள். இந்த நான்கையும் ஒரே மூச்சில் கொடுமைகளாக எழுதினார் அந்த வேளாளக் கவிஞர். முதல் மூன்றில் அவரோடு நிற்கலாம். நான்காவதில்? மொழிப்பற்றும் சாதிப்பற்றும் ஒரே வாக்கியத்தில் எழுவாய் பயனிலை மாதிரி பொருந்தி உட்கார்ந்திருப்பதை இங்கே பார்க்கிறோம். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் அனுப்பியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு வெளியேறவும் தயாரானார்கள். அந்நியன் கை ஓங்கிய அதே கடிதத்தில்தான் அடித்தட்டுக்காரனுக்கு ஒரு நியாயமும் இருந்தது. இந்தச் சிக்கலை நாம் எளிதாக்கிவிட முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தன் சபை மக்களையே தாழ்த்தி எழுதிய நூல் அது. அதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் சட்டாம்பிள்ளை. மிஷன் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். 1857இல் தனியாக இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் குருத்துவம் வேண்டாம் என்றார், ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமையில் வழிபட்டார். கவனியுங்கள், அவர் விட்டுப்போன சபையில் தமிழ் இல்லாமல் இல்லை. நல்ல தமிழே இருந்தது. ஆனால் தமிழ் பேசிய ஐயர் வெள்ளைக்காரர், தமிழைக் கேட்டவன் நாடான். (திருநெல்வேலிச் சீமையில் பாதிரியாரை ஐயர் என்றே அழைத்தார்கள். பெயரே நிறையச் சொல்கிறது.) ஆரோன் என்ற தமிழர் 1733இலேயே லூத்தரன் குருவானார். ஆங்கிலிக்கன் சபையில் ஓர் இந்தியர், அந்தத் திருநெல்வேலி நாடார்களில் ஒருவரான அசரியா, பேராயராக 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு.

எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்க மரபில் பூசை 1960களில்தான் லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டதா? அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், ஒரே பூசையைத் தமிழில் கேட்ட தலித்துகள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராட வேண்டியிருந்தது. 2008 மார்ச்சில் அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

இப்போது கோயிலுக்குத் திரும்பலாம். 1971இல் தமிழ் அர்ச்சனைக்கு அரசு முயன்றது. அதற்குச் சற்று முன்புதான் அர்ச்சகர் பதவியின் பரம்பரை உரிமையை ஒழிக்கும் சட்டம் வந்தது. 1972இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிடவில்லை. ஆனால் ஆகம வரம்பு என்ற கதவை மூடாமல் விட்டது. அந்தக் கதவு வழியாகவே 2006இன் அனைத்துச் சாதி அர்ச்சகர் ஆணைக்கும் வழக்கு வந்தது. 2008இல் சிதம்பரத்தில் ஆறுமுகசாமி சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடப் போலீஸ் காவல் தேவைப்பட்டது. 2020இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு நீதிமன்றத் தீர்ப்போடு இரு மொழியிலும் நடந்தது. 2021 ஆகஸ்ட்டில் அன்னைத் தமிழில் அர்ச்சனைத் திட்டம் வந்தது. அதே மாதம் பல சாதிகளைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற 24 பேர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள். தமிழ் அர்ச்சனைக்கு எழுந்த எதிர்ப்பைவிட, அந்த 24 பேரை எதிர்த்துப் போன வழக்குகள்தான் எனக்கு அதிகம் சொல்கின்றன. "தமிழிலும் அர்ச்சனை செய்யப்படும்" என்ற பலகையை மாட்ட ஒரு ஆணி போதும். கருவறைக்குள் இன்னொருவன் நிற்பதற்கு ஐம்பது வருஷ வழக்கு.

தமிழ் வழிபாட்டுக்காகப் போராடுகிற நண்பர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கோரிக்கையில் நானும் இருக்கிறேன். ஆனால் சமஸ்கிருதப் போற்றிக்குப் பதில் தமிழ்ப் போற்றி, வாய் மட்டும் பழைய வாய் என்று முடிந்துபோனால், நாம் கேட்டது மொழிபெயர்ப்பு மட்டும்தான் என்று ஆகும். ஐரிஷ் ஜெபப் புத்தகம் அச்சாகி நானூறு வருஷத்துக்கு மேலாகிறது. புத்தகம் இருந்தும் மக்கள் வரவில்லை என்பதை அந்தச் சபை நிதானமாகத்தான் கற்றுக்கொண்டது.

திருவக்கரையில் காளியிடம் பேசுகிற அந்தப் பெண்ணுக்கு யாரும் தமிழை வழங்கவில்லை. அவளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. அவளுக்கு வழங்கப்படாமல் இருப்பது வாசற்படி. அனைத்துச் சாதி என்று நாம் பேசும்போதுகூட அந்தப் பட்டியலில் அவளைச் சேர்த்துக்கொண்டோமா என்பதை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.